பேர் சொல்லாத கண்டனம்

அந்த வேட்பாளர் மேடையில் பேசியது எனக்கு முதலில் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. தேர்தல் வந்துவிட்டால் தில்லி ஆர்.கே.புரத்தில் மார்க்கெட்டுக்கு மார்க்கெட் மேடை போடுவார்கள், ஒலிபெருக்கி அலறும், நாங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்வோம். மற்றவர்கள் கத்துவதை நாள் முழுக்கக் காதில் வாங்கித்தான் நான் சம்பளமே வாங்குகிறேன். வீட்டுக்கு வந்த பிறகும் ஓசியில் கேட்க எனக்கென்ன தலையெழுத்து?

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நாடாளுமன்றத்தில், சபையில் மொழிபெயர்ப்பாளர். மண்டபத்தின் ஓரத்தில், கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒருவர் ஹிந்தியில் பேசப் பேச, அரை வாக்கியம் பின்னாலேயே ஓடி, அதைத் தமிழில் மைக்கில் சொல்ல வேண்டும். நம்மூர் உறுப்பினர்கள் காதில் அது போய் விழும். கேட்கிறார்களா தூங்குகிறார்களா என்பது அவர்கள் பாடு. இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது. பேசுகிறவர் ‘நான்’ என்றால் நாங்களும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். மந்திரி ‘நான் வெட்கப்படுகிறேன்’ என்றால் மைக்கில் நான்தான் வெட்கப்படுவேன். அப்படி வெட்கப்பட்ட மந்திரி யாரையும் இதுவரை பார்க்கவில்லை, அது வேறு விஷயம்.

அந்தப் பேச்சைப் பற்றி எனக்குச் சொன்னவள் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்தவள். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பம். அப்பா அம்மா கட்டட வேலைக்கு வந்தவர்கள், இவள் பிறந்தது இங்கேதான். எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஓடும் நாலாவின் கரையில் இருந்த ஜுக்கியில், குடிசைப் பகுதியில், அவள் வீடு. நாலா என்று நாங்கள் சொல்வது சாக்கடைதான். வடக்கே வந்தால் அதற்கும் ஒரு மரியாதைப் பெயர். புருஷன் இல்லை. ஒரே மகள், மோதி பாக்கில் தமிழ்ப் பள்ளியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பிளாக்கில் என் வீட்டையும் சேர்த்து ஐந்து வீடு அவளுக்கு. அந்த ஐந்து வீட்டில்தான் அவர்கள் இரண்டு பேரின் சாப்பாடும் மகளின் படிப்பும் ஓடின.

அன்றைக்குக் காலையில் வந்தவள் பாத்திரத்தில் கை வைக்காமல் சமையலறை வாசலிலேயே நின்றாள். முந்தின நாள் சாயங்காலம் மார்க்கெட் மேடைக்குப் பக்கத்தில் சமோசா கொடுக்கிறார்கள் என்று நாலைந்து பெண்கள் சேர்ந்து போயிருக்கிறார்கள். வேட்பாளர் பேசினாராம். நாலாக் கரையில் உட்கார்ந்திருக்கும் மதராசிக் கூட்டம்தான் இந்த ஏரியாவின் அடைப்பு. நான் ஜெயித்தால் நாலாவைத் தூர்வாரும்போது அந்தக் குப்பையையும் சேர்த்து அள்ளுவேன். இவள்கள் உங்கள் அடுக்களைக்கு வருவது பாத்திரம் தேய்க்க இல்லை, என்ன இருக்கிறது என்று மோப்பம் பிடிக்க. நாளையிலிருந்து உள்ளே விடாதீர்கள், உங்கள் வீட்டை நீங்களே காப்பாற்றிக்கொள்ளுங்கள். இவ்வளவும் அவள் அச்சுக் குலையாமல் ஹிந்தியிலேயே சொல்லிக்காட்டினாள்.

“எல்லாரும் கை தட்றாங்க அக்கா. கூட்டத்துல நிக்கறப்ப எல்லாரும் தட்டுனா நம்ம கையும் தானா வருதில்ல, வந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, என்னைத்தான் சொல்றான்னு.”

அவள் அழவில்லை. பேச்சென்று வந்தால் நான் சும்மா இருக்கமாட்டேன், அது என் சுபாவம். நாசமாய்ப் போறவன் என்று ஆரம்பித்து எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் என்னென்ன உண்டோ அத்தனையும் சொல்லித் தீர்த்தேன். என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, “தேர்தல் முடிஞ்சா எல்லாம் அடங்கிரும்” என்றார். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார், காய்ச்சலுக்கும் கலவரத்துக்கும் ஒரே மாத்திரை.

அடங்கவில்லை. அந்த வாரமே எங்கள் காலனி அசோசியேஷன் கேட்டில் ஒரு பலகை மாட்டியது. போலீஸ் சரிபார்ப்பு முடியும் வரை நாலாக் கரையிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை. காரணம் ஒன்றும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை, ஊருக்கே தெரியும். இதில் என்ன கூத்து என்றால், பலகையை மாட்டச் சொன்ன அசோசியேஷன் செயலாளர் யாரோ பஞ்சாபியோ பீகாரியோ இல்லை. எனக்கு நேர் மேல் மாடியில் இருக்கும் நம்மூர்க்காரர். திருச்சிப் பக்கம். ஒரு இலாகாவில் சின்ன அதிகாரி. கிருத்திகை தவறாமல் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு நடந்தே போவார், படியேறும்போது என் வீட்டுக்காரரிடம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. அதுதான் இன்னும் எரிச்சல்.

நான் மேலே ஏறிப்போய்ச் சண்டை போட்டேன். அவர் மனைவி காபி கொடுத்தார், நான் குடிக்கவில்லை. அவர் ரொம்பப் பொறுமையாகப் பேசினார். காலனியில் பலரும் கேட்கிறார்களாம், பாதுகாப்பு விஷயமாம், தாம் தமிழர் என்பதற்காக ஒருதலைப்பட்சமாக நடந்தால் நாளைக்குத் தம்மைத்தான் சொல்வார்களாம். கடைசியில், எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“மேடம், நீங்க ஏன் இதை மனசுல எடுத்துக்கறீங்க? அவன் சொன்னது நம்மள இல்ல. அவங்கள.”

தில்லியில் முப்பது வருஷமாக நாங்கள் செய்துவரும் தவறு இதுதான். மதராசி என்று எவனாவது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால், அது நம்மைக் கடந்து பின்னால் நிற்கிற யாரையோ போய்ச் சேரும் என்று சற்றே நகர்ந்து வழிவிடுகிறோம். அவர் மட்டுமா? ஜனக்புரியில் இருக்கும் என் தங்கையும் போனில் இதையேதான் சொன்னாள். ஜுக்கி ஜனங்கள் வேறு, நாம் வேறு என்றாள். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

கேட்டில் நானே போய் நின்று, என் வீட்டு ஆள், என் பொறுப்பு என்று சொல்லி அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவருவேன். காவலாளி, பாவம், தரையைப் பார்த்துக்கொண்டு விட்டுவிடுவான். ஆனால் மற்ற நாலு வீடும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. ஒருத்தி ஊருக்குப் போகிறேன் என்றாள். ஒருத்தி பாத்திரம் கழுவ மெஷின் வாங்கிவிட்டேன் என்றாள். இரண்டு பேர் வாசல் கதவையே திறக்கவில்லை. ஒரு வீட்டு வேலையை வைத்துக்கொண்டு இந்த ஊரில் இரண்டு ஜீவன் எப்படித் தாக்குப் பிடிக்கும்?

அவள் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். கிளம்பி வந்துவிடு, இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது என்று நச்சரித்தான். இவள் மாட்டேன் என்றாள். மகள் மார்ச்சில் பரீட்சை எழுதவேண்டும், அதுவரைக்கும் எப்படியாவது இங்கே இருந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் புத்தியில். நர்ஸிங் சேர்க்கப்போகிறேன் என்பாள். மார்ச், மார்ச் என்று அவள் வாயில் வேறு பேச்சே இல்லை.

இந்த நேரத்தில்தான் சபையில் விஷயம் வெடித்தது. அந்தப் பேச்சை யாரோ போனில் படமெடுத்து, அது ஊர் ஊராகப் போய், நம்மூர் உறுப்பினர்கள் எழுந்து கத்தி, இரண்டு நாள் சபை நடக்கவில்லை. கண்டனத் தீர்மானம் கொண்டுவருகிறார்கள் என்று டிவியில் சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு அவள் மறுநாள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை.

“நீங்க வேலை பாக்கற எடத்துலதான அக்கா? பெரிய சபையே சொல்லிட்டா, இந்தக் கேட்டுக்காரங்க என்ன பண்ண முடியும்?”

கண்டனம் என்றால் என்னவென்று நான் சொல்லத்தான் செய்தேன். அது தீர்ப்பு இல்லை, உத்தரவு இல்லை, ‘நீ செய்தது தப்பு’ என்று பெரியவர்கள் கூடிச் சொல்வது, அவ்வளவுதான் என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, “அத்தனை பெரிய மனுசங்க தப்புன்னு சொல்லிட்டா அது போதாதா?” என்றாள். சின்னப் பிள்ளையிலிருந்து நாமும் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்?

தீர்மானம் நல்லபடி நிறைவேற வேண்டும் என்று மலை மந்திரில் அர்ச்சனைக்குக் கொடுத்திருக்கிறாள். யார் பெயருக்கு என்று குருக்கள் கேட்டிருக்கிறார். சபை பெயருக்கு என்றாளாம். நட்சத்திரம் என்று கேட்டிருக்கிறார். தெரியாது என்றாளாம். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சுவாமி பெயருக்கே செய்துவிடலாம் அம்மா என்று முடித்துவைத்தாராம். இதை அவள் சொல்லும்போது நாங்கள் இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அந்தக் குளிர்காலத்தில் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

தீர்மானம் வந்த நாள் கண்ணாடி அறையில் என் முறை. வடநாட்டு உறுப்பினர் ஒருவர், நல்லவர், வயதானவர், எழுந்து, அந்த ஆள் மேடையில் என்ன பேசினான் என்பதைச் சபை முழுசாகக் கேட்கட்டும் என்று அப்படியே வாசித்தார். வாசித்தால் நான் சொல்லியாக வேண்டும். சொன்னேன். “நான் ஜெயித்தால் நாலாவைத் தூர்வாரும்போது அந்தக் குப்பையையும் சேர்த்து அள்ளுவேன். அவள்களை உங்கள் அடுக்களைக்குள் விடாதீர்கள்.” என் குரலில், என் தமிழில், நான் நான் என்று. காலையில்தான் அவள் தேய்த்து வைத்த டம்ளரில் காபி குடித்துவிட்டு வந்திருந்தேன். பக்கத்தில் இருந்த சக ஊழியர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

உடனே கூச்சல். தலைமை இருக்கையிலிருந்து, அந்தச் சொற்கள் சபைக்குத் தகாதவை, பதிவில் ஏறாது என்று அறிவிப்பு வந்தது. வழக்கம் அது. தகாத சொல்லை யார் எதற்காகச் சொன்னாலும் நீக்கிவிடுவார்கள். கண்டிக்க வந்தவர் வாசித்ததும் போயிற்று. அதன்பின் கட்சித் தலைவர்கள் உள்ளே ஓர் அறையில் கூடிப் பேசினார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் தீர்மானத்துக்கு மதிப்பு, ஆகவே எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வாசகம் வேண்டும். வேட்பாளரின் கட்சி ஒத்துக்கொள்ள அவர் பெயர் போயிற்று. இன்னொரு கட்சிக்கு மாநிலப் பெயர் வந்தால் சங்கடம், அதுவும் போயிற்று. ஜுக்கி என்று வந்தால் வீட்டு வசதிப் பிரச்சனை கிளம்பும், எடுத்துவிட்டார்கள். பெண்கள், வேலைக்காரிகள், நாலா, எல்லாம் போய், கடைசியில் மத்தியானத்துக்கு மேல் தலைமை இருக்கையிலிருந்து வாசித்தார்கள். நான் தமிழில் சொன்னேன்:

“பொதுவாழ்வில் உள்ள சிலர் அண்மையில் தெரிவித்த சில கருத்துகள் குறித்து இச்சபை ஆழ்ந்த வேதனை கொள்கிறது. நாட்டின் ஒற்றுமைக்கு ஊறு விளைவிக்கும் அத்தகைய பேச்சை, அது எவரிடமிருந்து வந்தாலும், இச்சபை வன்மையாகக் கண்டிக்கிறது.”

மேஜைகளைத் தட்டினார்கள். அந்த ஆளின் கட்சிக்காரர்களும் தட்டினார்கள், இன்னும் பலமாக. ஏகமனதாக நிறைவேறியது. பிறகு மீன்வளம் சம்பந்தமான கேள்விக்குப் போனார்கள்.

சாயங்காலம் அவள் எனக்கு முன்னாலேயே என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள், மகளையும் கூட்டிக்கொண்டு. நிறைவேறிவிட்டது என்றேன். கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் பேரைச் சொன்னார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். எங்களைப் பற்றி என்று சொன்னார்களா? இல்லை. மகள்தான், சதைப்பிடிப்பில்லாத சின்ன முகம், கூர்மையான பெண், “அம்மா, ஃபிர் க்யா போலா உன்ஹோனே?” என்று கேட்டது. அப்புறம் என்னதான் சொன்னார்கள் என்று. பரவாயில்லை, கண்டிச்சுட்டாங்க இல்ல, என்று தாய்க்காரி அவள் வாயை அடைத்தாள். எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை நான் கேட்டுக்குப் போவதற்குள் அவளே வந்து நின்றிருந்தாள். தனியாக இல்லை, ஏழெட்டுப் பெண்களோடு. எல்லோரும் தலை சீவி, நல்ல புடவை கட்டி, பழைய வீடுகளுக்கு வேலைக்குப் போகத் தயாராக. சபையே கண்டித்துவிட்டது, இனி எங்களை நிறுத்த முடியாது என்று அவள் காவலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆர்டர் ஒன்றும் வரவில்லையே அம்மா என்று அவன் கையைப் பிசைந்தான். அதற்குள் செயலாளர் வந்துவிட்டார், மப்ளரைச் சுற்றிக்கொண்டு, காலை நடை முடித்து. அவர் சத்தம் போடவில்லை. அந்தப் பெண்களிடம் தமிழில்தான் பேசினார்.

“கண்டிச்சாங்கம்மா, நானும் டிவியில பாத்தேன். நானும் கண்டிக்கிறேன். யாரு வேணாம்னா? ஆனா கேட்டைத் திறக்கச் சொல்லி அதுல ஒரு வரி இருக்கா, சொல்லுங்க.”

நான் குறுக்கே புகுந்து வாய்க்கு வந்ததைக் கேட்டேன். உங்களுக்கு வெட்கமாக இல்லையா சார் என்றேன். மலை மந்திர் படியில் இவர்களும் நீங்களும் ஒரே வரிசையில் நின்று பிரசாதம் வாங்கவில்லையா என்றேன். அவர் முகம் சிவந்தது. ஆனால் நகரவில்லை. அந்தப் பெண்கள் எனக்காகத்தான் சங்கடப்பட்டார்கள். விடுங்க அக்கா, உங்களுக்குப் பிரச்சனை வரும் என்று ஒருத்தி சொன்னாள். அப்படியே திரும்பி, வந்த வழியே வரிசையாகப் போனார்கள்.

அந்த வேட்பாளர் அடுத்த கூட்டத்தில் பேசியதையும் சொல்லியாக வேண்டும். சபையின் தீர்மானத்தை மனதார வரவேற்கிறேன், வெறுப்புப் பேச்சு யார் பேசினாலும் தப்பு, நானும் கண்டிக்கிறேன் என்றார். சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இந்த முறை நான் ஜன்னலைச் சாத்தாமல் முழுவதும் கேட்டேன்.

அவர் ஜெயித்தார். சுமாராக இல்லை, அமோகமாக. எங்கள் காலனியிலும் லட்டு வந்தது. என் வீட்டுக்காரர் வாங்கி ஃபிரிட்ஜுக்குள் வைத்தார். நான் எடுத்துக் குப்பையில் போட்டேன். அதற்கும் அவர், தேர்தல் முடிந்துவிட்டதே, இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

முடிவு வந்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பிப்ரவரியில், அவள் திருப்பூருக்குத் தம்பியிடம் கிளம்பினாள். ஜுக்கியில் இரண்டு தரம் இரவில் கல் விழுந்தது, கடைக்காரன் கடன் தர மறுத்தான், வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு இனி முடியாது என்றாள். பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. பெண்ணை என் வீட்டில் விட்டுப் போ, நான் எழுத வைக்கிறேன் என்றேன். பெண் தாயை விட்டு இருக்கமாட்டேன் என்றுவிட்டது. ஸ்டேஷனில் மகள் என்னிடம் பேசவே இல்லை. புத்தகப் பையைத் தோளில் மாட்டியிருந்தது, எதற்கென்று தெரியவில்லை. தாய்க்காரி மட்டும் ரயில் நகரும் வரைக்கும், அங்கே போய் அடுத்த வருஷம் எழுதிக்கலாம் அக்கா, நம்ம ஊருதான, நம்ம பாஷைதான, அங்க யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மாதக்கணக்கில் போன் இல்லை. நான் அழைத்தாலும் எடுக்கமாட்டாள். மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே கூப்பிட்டாள். பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம். நலம் விசாரித்தாள், என் வீட்டுக்காரரின் சுகரைக்கூட மறக்காமல் கேட்டாள். மகள் பரீட்சை எழுதினாளா என்றேன். இல்லையாம். தாய் வேலை பார்க்கும் அதே பனியன் கம்பெனியில், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருக்கிறாளாம், பீகார்ப் பெண்களோடு. அவர்களுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சூப்பர்வைசர் இவளை வைத்துத்தான் ஹிந்தியில் சொல்கிறானாம்.

“அதனால எங்களையும் ஹிந்திக்காரின்றாங்க அக்கா. ஆதார்ல தில்லி அட்ரஸ்ஸ பாத்துட்டு ரூம் குடுக்க மாட்டேன்றாங்க. தம்பி வீட்டுலதான் ஒண்டிக்கிட்டிருக்கோம்.”

அங்கே ஏதோ உள்ளாட்சித் தேர்தலாம். ஒருத்தன் தினமும் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக வருகிறானாம். வடக்கத்திக் கூட்டம் வந்து ஊரே நாறிப்போயிற்று, நான் ஜெயித்தால் எல்லாரையும் மூட்டை கட்டி ரயிலில் ஏற்றுவேன், வீடு கொடுக்காதீர்கள் என்கிறானாம்.

“தமிழ்லயேதான் சொல்றான். நல்லா புரியுது,” என்றாள்.

ஏட்டி, அவன் உன்னைச் சொல்லல என்று என் வாய்வரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“இங்கயும் சபை இருக்கில்ல அக்கா, மெட்ராஸ்ல. இதுக்கும் கண்டனம் போடுவாங்களா?”

“போடுவாவ,” என்றேன்.

“போட்டதுக்கப்புறம் நாங்க எந்த ஊருக்குப் போறது?”

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. அவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்த ஊர் ஏதாவது இருந்தால் சொல்லட்டும் என்றுதான் கேட்டாள். நான் யோசித்தேன். அவள் காத்திருந்தாள்.